மூன்று பெல்ட் மாற்றினோம், புல்லியை யாரும் பார்க்கவில்லை

மே மாதம், கத்திரி வெயில். கானாடுகாத்தானில் அப்பச்சி வீட்டுப் படைப்பு, முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடும் நாள். புதுக்கோட்டையில் இருக்கும் ஆச்சியை ஏற்றிக்கொண்டு அம்பாசிடரில் வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் இரண்டு வெங்கலப் பானை, வெற்றிலைக் கூடை, படைப்புக்கு வாங்கிய வேட்டி சேலை. திருமயம் கோட்டையைத் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் வந்திருப்போம். பானட்டுக்குள்ளே 'டங்' என்று ஒரு சத்தம். அடுத்து, நனைந்த துணியைக் கல்லில் அடிப்பதுபோல நாலைந்து அடி. டாஷ்போர்டில் சார்ஜ் லைட் சிவப்பாக எரிந்தது.

"என்ன ஆத்தா சத்தம் அது?" என்று ஆச்சி கேட்டு முடிப்பதற்குள் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் எஞ்சின் தப்பியது.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987 மாடல் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். அப்பச்சி 1994-ல் செகண்ட் ஹேண்டாக வாங்கினார்கள். 2021-ல் அவர்கள் தவறியபிறகு என்னிடம் வந்தது. இந்த எஞ்சினில் முன்பக்கம் ஒரே ஒரு ஃபேன் பெல்ட்தான். கீழே, எஞ்சின் சுற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் நுனியில் கிராங்க் புல்லி, பெல்ட் ஓடும் சக்கரம். அது சுற்றினால் பெல்ட் வழியாக மேலே வாட்டர் பம்ப் சுற்றும், பம்பின் மூக்கிலேயே ஃபேன் இருக்கிறது, பக்கத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். கிராங்க் புல்லி போனால் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். பேட்டரி சார்ஜ் ஆகாதது சின்ன விஷயம். தண்ணீர் ஓட்டம் நிற்பதுதான் பெரிய விஷயம். "இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே, மெதுவா உருட்டிக்கிட்டுப் போயிடலாம்" என்று அன்றைக்கு வழியில் நின்றவர் ஒருவர் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தண்ணீர் நகராமல் நின்றால் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றி இருப்பது அங்கேயே கொதிக்கும். ஹெட் கேஸ்கெட் போகும், ஹெட் வளையும். அந்த ஐந்து கிலோமீட்டருக்குக் கொடுக்கும் விலை எஞ்சின் வேலை முழுவதும். சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று நினைக்காதீர்கள். பெல்ட் இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் நகருங்கள்.

ஆச்சியைப் புளியமர நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பானட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. சூடு ஆறாமல் அதைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெல்ட் நார் நாராகப் பிய்ந்து ஃபேனில் சுற்றியிருந்தது. கீழே கிராங்க் புல்லியில், கைமுறுக்கை ஒரு பக்கம் ஒடித்ததுபோல, கால்வாசி காணவில்லை. ஒடிந்த துண்டு ரேடியேட்டருக்கு அடியில் குறுக்குச் சட்டத்தின்மேல் கிடந்தது. துணியைச் சுற்றி எடுத்தேன்.

அந்தத் துண்டைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்ப்பிரும்பு ஒடிந்தால் உள்முகம் சர்க்கரையை அழுத்தி வைத்ததுபோலச் சாம்பல் நிறத்தில் மின்ன வேண்டும். இதில் வெளி விளிம்புப் பக்கம் ஒரு விரல் அகலம்தான் அப்படி மின்னியது. மீதி முழுக்கக் கறுப்பு. எண்ணெயும் துருவும் ஊறிய பழைய கறுப்பு. அப்படியென்றால் புல்லி அன்றைக்கு உடையவில்லை. நடுவில் சாவிப் பள்ளத்தின் (புல்லியை ஷாஃப்டோடு பிடித்துவைக்கும் சாவி உட்காரும் பள்ளம்) மூலையிலிருந்து கீறல் விட்டு, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, கடைசி ஒரு விரல்தான் அன்றைக்கு விட்டிருக்கிறது.

அத்தனை மாதமாக அது சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக், டிக்' என்று ஒன்று கேட்கும், ரேஸ் கொடுத்தால் மறையும். நான் டேப்பட் சத்தம், வால்வைத் தள்ளும் பாகத்தின் சத்தம் என்று நினைத்தேன். இரண்டு மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஒரு குட்டியானை டிரைவர் தம்பி கயிறு போட்டு இழுத்து வந்தார். எங்கள் வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக் பூஸ்டரும் கிடையாது. அதனால் எஞ்சின் ஓடாமலேயே ஸ்டியரிங்கும் பிரேக்கும் எப்போதும்போல இருந்தன. இப்போதைய வண்டியாக இருந்தால் இரண்டும் கல்லாகிவிடும், கயிறு போட்டு இழுப்பது ஆபத்து. காசு கொடுத்தபோது அந்தத் தம்பி வாங்கவில்லை. "படைப்பு வீட்டுக்குப் போறீங்க, சோறு போடுங்க அக்கா" என்றார். போட்டோம்.

படைப்பு முடிந்த மறுநாள் வண்டியைக் காரைக்குடிக்குக் கொண்டுபோனோம். அன்று இரவே அப்பச்சியின் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. வண்டிக்கென்று தனியாக ஒரு நீளப் பேரேடு. பெட்ரோல், பிரேக் லைனிங், பல்பு, தேதி, கிலோமீட்டர், ரூபாய். 1994-லிருந்து 2021 வரை 27 வருடத்தில் அப்பச்சி மாற்றிய ஃபேன் பெல்ட் ஒன்பது. மூன்று வருடத்துக்கு ஒன்று. அதன்பிறகு என் கையெழுத்து. கடைசி 14 மாதத்தில் மூன்று பெல்ட்.

எண்ணிப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு முறையும் "இப்ப வர்ற பெல்ட்டெல்லாம் தரமில்லை டீச்சர்" என்று சொன்னார்கள், நானும் நம்பிப் புதிது வாங்கினேன். முதல் பெல்ட் போன தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் ஒரு பதிவு: டைனமோ எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாற்றியது. அதற்கும் முன்னால், முந்திய வருடம், வேறொரு பட்டறையில், எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் மாற்றியது. செயின் மாற்ற வேண்டுமென்றால் கிராங்க் புல்லியைக் கழற்றியே ஆக வேண்டும். இரண்டு பதிவுகளையும் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்தேன்.

காரைக்குடியில் எங்கள் மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரையும் ஃபேனையும் இறக்கினார். புல்லியின் நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றுவதற்குக் கொக்கி வெட்டியிருக்கும் அதே நட்டு. அதற்குப் பின்னால் ஒரு லாக் வாஷர். நட்டை இறுக்கியபிறகு வாஷரின் காதை மடக்கி நட்டோடு ஒட்டவைக்க வேண்டும், நட்டு தானாகச் சுழலாமல் இருக்க. எங்கள் வண்டியில் காது மடக்கப்படவே இல்லை. ஸ்பேனரை வைத்து அண்ணன் ஒரு கையால் அழுத்தினார், நட்டு வந்துவிட்டது. சுத்தியலால் நாலு போடு போடாமல் வரக்கூடாத நட்டு அது.

"பாருங்க டீச்சர்" என்று அந்தச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். புல்லி ஷாஃப்டின்மேல் வழுக்காமல் பிடித்திருக்கும் அரைவட்டச் சாவி. அரை ரூபாயைப் பாதியாக வெட்டியதுபோல இருக்க வேண்டியது, ஒரு பக்கம் நசுங்கிப் படிக்கட்டு விழுந்திருந்தது. நட்டு தளர்ந்ததால் புல்லி ஒவ்வொரு சுற்றிலும் சாவியை இடித்திருக்கிறது. இடித்து இடித்துத்தான் பள்ளத்தின் மூலையில் கீறல். ஷாஃப்டில் இருந்த பள்ளம் கெடவில்லை. புதுச் சாவியைத் தட்டினால் இறுக்கமாக உட்கார்ந்தது. அது கெட்டிருந்தால் கிராங்க் ஷாஃப்டையே இறக்க வேண்டியிருக்கும்.

புல்லி தேடின கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரைக்குடியில் மூன்று கடை, மதுரையில் இரண்டு கடை. கிடைத்தவை டீசலுக்கானவை, அல்லது பின்னால் வந்த இசுசு எஞ்சினுக்கானவை. அம்பாசிடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது. இந்தப் பழைய எஞ்சினுக்குச் சாமான் அதற்கும் முன்பிருந்தே குறைந்துவிட்டது. பழைய இரும்புக் கடை ஒன்றில் சரியானது ஒன்று அகப்பட்டது, ஆனால் பெல்ட் ஓடும் பள்ளத்தின் அடி கண்ணாடிபோல மின்னியது. வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரைக் கவ்வித்தான் இழுக்க வேண்டும். அடியைத் தொடக்கூடாது. அடி மின்னினால் சுவர் தேய்ந்துபோய் பெல்ட் கீழே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் புல்லியில் எத்தனை புது பெல்ட் போட்டாலும் வழுக்கும். உங்கள் வண்டியில் டார்ச் அடித்துப் பாருங்கள், இது இரண்டு நிமிட வேலை.

உடைந்ததைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். மறுத்துவிட்டேன். வார்ப்பிரும்பில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கீறல் விடும். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று சுற்றும் பொருள், ரேடியேட்டருக்கு ஒரு சாண் பின்னால்.

கடைசியில் லேத்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனோம். எழுபது வயது இருக்கும். கிணற்று மோட்டார், அரிசி ஆலைச் சாமான் இவைதான் அவருக்கு அன்றாட வேலை. துண்டை அதன் இடத்தில் பொருத்திக் கம்பியால் கட்டி, வெர்னியரை எடுத்தார். ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை எடுத்து என்னை எழுதச் சொன்னார். வெளி விட்டம், உள் துளை, மையக் கழுத்தின் நீளம். "இதுதான் முக்கியம்" என்று அழுத்திச் சொன்ன அளவு ஒன்று: கழுத்தின் பின்முகத்திலிருந்து பள்ளத்தின் நடு வரைக்கும் உள்ள தூரம். அது இரண்டு மில்லிமீட்டர் மாறினால் பெல்ட் சாய்வாக ஓடும். விட்டமும் மாறக்கூடாது, பெரிதானால் பம்பும் ஆல்டர்னேட்டரும் வேகமாகச் சுற்றும், சிறிதானால் வெயில் காலத்தில் தண்ணீர் ஓட்டம் போதாது.

பள்ளத்தை மட்டும் அவர் பழையதிலிருந்து அளக்கவில்லை. "தேஞ்சதை அளந்து செஞ்சா தேஞ்ச புல்லிதான் கிடைக்கும்மா. புது பெல்ட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க." வாங்கிக் கொடுத்தேன். உருளை இரும்பைக் கடைந்து, பள்ளத்தை மொத்தம் 38 டிகிரி வருமாறு பக்கத்துக்குப் பத்தொன்பதாகச் சாய்த்து வெட்டினார். பிறகு சுவரில் சாக்குக் கட்டியைத் தடவி, பெல்ட்டை உள்ளே வைத்து ஒரு சுற்று இழுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மேலே மட்டும் அழிந்திருந்தது. மறுபடி மெல்லிசாக ஒரு சீவு. மறுபடி சாக்குக் கட்டி. நாலாவது தடவை இரண்டு சுவரிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி அழிந்தது, அடியில் சாக்கு அப்படியே வெள்ளையாக இருந்தது. பெல்ட்டின் முதுகு புல்லியின் விளிம்போடு சமமாக நின்றது. அப்போதுதான் மனிதர் டீ குடிக்க எழுந்தார்.

சாவிப் பள்ளத்தைப் பக்கத்துப் பட்டறையில் ஸ்லாட்டிங் மிஷினில் போட்டோம். மூலையைக் கூர்மையாக விடாமல் லேசாக உருட்டச் சொன்னார் பெரியவர். பழையது விட்டதே அந்தக் கூர்மையான மூலையில்தான். பிறகு ஒரு கம்பியில் புல்லியைக் கோத்து, மட்டம் பார்த்த இரண்டு இரும்புப் பட்டைகளின்மேல் உருட்டிவிட்டார். உருண்டு நிற்கும்போது ஒரே பக்கம் கீழே வந்தது. அந்தப் பக்கம் கனம். பின்முகத்தில் அரை அங்குல ஆழத்துக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டதும் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. மொத்தம் 2,200 ரூபாய் வாங்கினார். நான் கூடக் கொடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டார்.

மாட்டும்போது இரண்டு விஷயம் தெரிந்தது. முதலாவது, நூல் பிடித்துப் பார்த்தோம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே நூல்தான். கிராங்க் புல்லியின் முகத்திலிருந்து பம்ப் புல்லிக்கு நேராக இருந்தது. ஆல்டர்னேட்டர் நாலு மில்லிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. டைனமோ இருந்த இடத்தில் வேறு பிராக்கெட் போட்டு மாட்டியபோது யாரும் நூல் பிடிக்கவில்லை. பெல்ட் சாய்வாக ஓடித் தேய்ந்தது, தேய்ந்து கத்தியது, கத்தியதும் இன்னும் இறுக்கினார்கள். மூன்று பெல்ட் போனது இதனால்தான். தளர்ந்திருந்த புல்லிமேல் அந்த இறுக்கமும் சேர்ந்துகொண்டது. பிராக்கெட்டில் இருந்த வாஷர்களை இடம் மாற்றிச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

இரண்டாவது, டைமிங் வெட்டு. கிராங்க் புல்லியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். டைமிங் கவரில் உள்ள முள்ளுக்கு நேராக அது வந்தால் முதல் சிலிண்டர் பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) வைப்பதற்கு அந்த வெட்டுதான் கண். பழைய புல்லியில் வெட்டு இருந்த இடம் நொறுங்கித் திருமயம் ரோட்டிலேயே போய்விட்டது. "குத்துமதிப்பா வச்சுக்கலாம்" என்று பட்டறைப் பையன் சொன்னான். நான் கணக்கு டீச்சர், குத்துமதிப்பு எனக்கு ஆகாது.

பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சில டிகிரிக்கு அசைவதே தெரியாது. பிளக் ஓட்டையில் கம்பி விட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதற்கு ஒரு வழி உண்டு. அண்ணன் ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்து, அதில் மழுங்கிய போல்ட் ஒன்றைப் பற்றவைத்தார். நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரில் அதைத் திருகி, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினோம். பிஸ்டன் போல்ட்டில் முட்டி நின்றது. முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு சாக்குக் கோடு. இப்போது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். ஹேண்டில் ஒரு பக்கம்தான் பிடிக்கும், நட்டில் ஸ்பேனர் போட்டால் நட்டு தளரும். டாப் கியரில் போட்டு, பட்டறைப் பையன்கள் நாலு பேர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளினார்கள். மறுபடி முட்டியது. இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையில் விளிம்பைச் சுற்றி நூல் வைத்து, அதை இரண்டாக மடித்தேன். நடுப்புள்ளி. அதுதான் உச்சி. முக்கோண அரத்தால் அண்ணன் வெட்டுப் போட்டார், நான் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்தேன்.

பிறகு புது லாக் வாஷர், நட்டை இறுக்கியது, காதை மடக்கியது. அதை என் கண்முன்னால் செய்யச் சொன்னேன், கோபப்படாமல் செய்தார். ஆயில் சீலும் புதிது. பெல்ட்டை நீளமான பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கும்படி வைத்தோம்.

பள்ளியில் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவரின் வண்டி பத்து வருடப் பழசு. அவரிடமும் சொன்னேன். அந்த மாதிரி வண்டிகளில் பலவற்றில் கிராங்க் புல்லி ஒரே இரும்பு இல்லை. உள் வளையம், வெளி வளையம், நடுவில் அதிர்வு தாங்க ரப்பர். ரப்பர் காய்ந்து வெடித்தால் வெளி வளையம் தனியாக நழுவும், ஆடும். உள்ளிருந்து வெளிவரைக்கும் குறுக்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைத்து, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். கோடு ஒடிந்திருந்தால் புல்லி முடிந்தது. எங்கள் எஞ்சினில் டைமிங்குக்குச் செயின் இருப்பதால் வெளி பெல்ட் போனாலும் வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. டைமிங் பெல்ட் உள்ள வண்டிகளில், ஆடுகிற புல்லியின் துண்டோ பிய்ந்த பெல்ட்டோ உள்ளே சிக்கி டைமிங் பெல்ட்டை நழுவவைத்தால் பல எஞ்சின்களில் வால்வு வளைந்துவிடும். அவர் அடுத்த நாளே கோடு போட்டுவிட்டார்.

போன ஞாயிறு ஆச்சியையும் கூட்டிக்கொண்டு பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போய்வந்தோம். மாட்டிய பிறகு 300 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திரும்பி வந்ததும் பானட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். மடக்கிய காது மடக்கியபடி இருக்கிறது, பள்ளத்தின் அடி மின்னவில்லை. காலையில் கேட்கும் அந்த 'டிக், டிக்' இல்லை. அளவுத் தாளைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இதே 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு வேண்டுமென்றால் படம் எடுத்து அனுப்புகிறேன். உங்கள் பழைய புல்லியின் துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகே லேத்துக்குக் கொடுங்கள்.